இன்புளூயன்ஸாவும் தடுப்பூசியும்

மனிதனைப் பற்றும் நோய்களுள் சிலவற்றை நாம் அஞ்சுகிறோம். சிலவற்றை அலட்சியம் செய்கிறோம். பெரியம்மை, வாந்திபேதி, பிளேக் என்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் நம் முன்னோர் நடுங்கினர். இன்புளூயன்ஸா என்னும் சளிக்காய்ச்சலைக் குறித்து அவ்வாறு எவரும் நடுங்குவதில்லை. மூன்று நாள் காய்ச்சல், ஒரு வாரம் இருமல், மிளகு ரசம், சுக்குக் கஷாயம், சிறிது ஓய்வு என்ற அளவில் அது வந்து போவதையே நாம் பெரும்பாலும் கண்டிருக்கிறோம். ஆகவே, இந்நோய்க்கும் ஒரு தடுப்பூசி உண்டு, அதனை ஆண்டுதோறும் போட்டுக்கொள்வது நல்லது என்று மருத்துவர் கூறும்போது, ‘இதற்குமா ஊசி?’ என்ற ஐயம் எழுவது இயல்பே.

இந்த ஐயத்துக்கு விடை காணும் பொறுப்பு இன்று ஒவ்வொரு குடும்பத்தின்மீதும் விழுந்திருக்கிறது. குழந்தைகளுக்குப் போட வேண்டிய ஊசிகளுக்கு அரசாங்கமே அட்டவணை வகுத்து, இலவசமாக அளித்து வருகிறது. எந்த ஊசி, எந்த மாதம் என்பதைப் பெற்றோர் சிந்தித்து முடிவு செய்ய வேண்டியதில்லை. இன்புளூயன்ஸாத் தடுப்பூசி நாடு தழுவிய அந்த அட்டவணையில் இடம்பெறவில்லை. கர்ப்பிணிகள், முதியோர், நீடித்த நோயுள்ளோர், மருத்துவப் பணியாளர் முதலியோர் அதனைப் போட்டுக்கொள்வது நன்று என மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியுள்ளது. ஆயினும் பெரும்பாலோர் அதனைத் தாமே விசாரித்து, தாமே விலை கொடுத்துப் பெற வேண்டிய நிலையே உள்ளது. பிழைப்பின் பொருட்டு மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நம்மைப் போன்றோர்க்கு இம்முடிவு இன்னும் சற்றுக் கடினமானது. பல ஆண்டுகளாக நம் வீட்டாரை அறிந்த வைத்தியர் பக்கத்துத் தெருவில் இருப்பதில்லை. அனுபவம் மிக்க பெரியோர் ஊரில் இருக்கின்றனர். புதிய இடத்தின் தட்பவெப்பமும் நமக்குப் பிறவியிலிருந்து பழகியதன்று. எனவே, போட்டுக்கொள்வதா, வேண்டாமா, போட்டுக்கொள்வதானால் எப்போது என்னும் கேள்விகளுக்கு இந்நோயின் நூற்றாண்டு வரலாறு என்ன விடை கூறுகிறது என்பதை இங்கே காண்போம்.

முதலில் பெயரை நோக்குவோம். ‘இன்புளூயன்ஸா’ என்பது இத்தாலிய மொழிச் சொல். ‘ஆதிக்கம்’ என்பது அதன் பொருள். விண்மீன்களின் ஆதிக்கத்தால் இக்காய்ச்சல் பரவுவதாக இடைக்கால ஐரோப்பியர் கருதினர். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல், ஒரே சமயத்தில் ஊர் முழுவதையும் படுக்கையில் வீழ்த்திய நோய்க்கு அவர்கள் வேறு காரணம் கற்பிக்க இயலவில்லை. தடுப்பு முறையைக் குறிக்கும் சொற்களும் சுவையானவை. வடநாட்டில் தடுப்பூசியை ‘டீக்கா’ என்பர். நெற்றியில் இடும் திலகத்துக்கும் அதுவே பெயர். தோலில் அம்மைப்பால் குத்திய வடுவைத் திலகத்துக்கு ஒப்பிட்டு அப்பெயர் வழங்கினர் போலும். நாமோ ‘அம்மை குத்துதல்’ என்றோம். பின்னர் ‘ஊசி போடுதல்’ என்றோம். எம்மொழியில் எப்பெயரிட்டாலும், பெரியம்மைக்கு ஒருமுறை குத்திக்கொண்டால் பல்லாண்டு காவல் என்ற எண்ணமே மக்கள் மனத்தில் வேரூன்றியது. இன்புளூயன்ஸா அந்த எண்ணத்துக்கு அடங்காத நோய் என்பதைக் கற்றுக்கொள்ள உலகத்துக்கு நெடுங்காலம் ஆயிற்று.

அந்தப் பாடத்தின் முதல் அத்தியாயம் 1918-ஆம் ஆண்டு. முதல் உலகப் போர் முடியும் தறுவாயில் இருந்த காலம் அது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பம்பாய்த் துறைமுகப் பகுதியில் பணியாற்றிய போலீசார் சிலர் காய்ச்சலுடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். துருப்புகளை ஏற்றி வந்த கப்பல்கள் நோயையும் ஏற்றி வந்தன என்பது அந்நகரச் சுகாதார அதிகாரிகளின் கருத்து. முதலில் வந்த அலை அவ்வளவு கொடியதாயிருக்கவில்லை. செப்டம்பரில் எழுந்த இரண்டாம் அலையோ பேரழிவை விளைத்தது. ரயில் பாதை எங்கெங்குச் சென்றதோ அங்கெல்லாம் நோயும் சென்றது. பம்பாய் மாகாணம், மத்திய மாகாணங்கள், பஞ்சாப், ஐக்கிய மாகாணங்கள் ஆகிய பகுதிகள் மிகுதியாக அல்லலுற்றன. சென்னை மாகாணமும் வங்காளமும் தப்பவில்லையாயினும், மேற்கிலும் வடக்கிலும் நேர்ந்த அளவு அழிவு இங்கே நேரவில்லை. அவ்வாண்டு பருவமழை பொய்த்தது. தானிய விலை ஏறியது. அரைவயிறு உண்டவர்களையே நோய் முதலில் பற்றியது. சாதாரணச் சளிக்காய்ச்சல் குழந்தைகளையும் முதியோரையும் வாட்டுவது வழக்கம். அவ்வாண்டின் நோயோ இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதினரைப் பெருவாரியாகக் கொண்டு சென்றது. ஆடவரினும் பெண்டிர் மிகுதியாக மாண்டனர். நோயுற்றோர்க்குப் பணிவிடை செய்தவரும் அவர்களே, எல்லோரும் உண்டபின் எஞ்சியதை உண்டவரும் அவர்களே என்பதை நினைத்தால் இதன் காரணம் விளங்கும்.

இந்தியாவில் மாண்டோர் எத்தனை பேர் என்பதைத் துல்லியமாகக் கூற இயலாது. ஒரு கோடிக்கும் மேல் என்பதில் இன்றைய ஆய்வாளரிடையே பெரிய வேறுபாடு இல்லை. ஒரு கோடியே எண்பது லட்சம் வரை கணக்கிட்டோரும் உண்டு. உலகில் வேறெந்த நாட்டிலும் இந்நோயால் இத்துணைப் பேர் மாண்டதாகத் தெரியவில்லை. 1921-ஆம் ஆண்டு மக்கட்தொகைக் கணக்கைப் புரட்டுவோர் இதன் சுவட்டை இன்றும் காணலாம். கணக்கெடுப்பு முறையாகத் தொடங்கிய பின், இந்நாட்டின் மக்கட்தொகை பெருகாமல் குறைந்த பத்தாண்டு 1911 முதல் 1921 வரையிலான அந்த ஒன்றேயாகும். இந்தி இலக்கியத்தில் புகழ்பெற்ற கவிஞர் சூரியகாந்த் திரிபாடி ‘நிராலா’ தம் இளமையில் மனைவியையும் உறவினர் பலரையும் இந்நோய்க்கே பறிகொடுத்தார். வடநாட்டில் வாழும் நம்மவர் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியில் பயிலும் இந்திப் பாடநூல்களில் அவர் பெயரைக் காணலாம். அப்பெயருக்குப் பின்னால் இந்தத் துயரம் மறைந்திருக்கிறது.

1918-ல் தடுப்பூசியே இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, ஆனால் அது வேறொரு குற்றவாளிக்காகச் செய்யப்பட்டது. 1892-ஆம் ஆண்டு ரிச்சர்ட் பைபர் என்னும் ஜெர்மானிய அறிஞர், சளிக்காய்ச்சல் நோயாளிகளின் கபத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு, அதுவே நோய்க்குக் காரணம் என்று அறிவித்திருந்தார். அவர் சொல்லை நம்பி, அந்தப் பாக்டீரியாவையும் வேறு சிலவற்றையும் கொன்று, பல நாடுகளில் ஊசிமருந்து தயாரித்தனர். லட்சக்கணக்கானோர் அதனைப் போட்டுக்கொண்டனர். இன்புளூயன்ஸாவை அது தடுக்கவில்லை. நோயின் மூலத்தை அறியாமல் செய்த மருந்து, பூட்டுக்குப் பொருந்தாத சாவியாகவே முடிந்தது.

உண்மையான மூலம் புலப்பட்டது 1933-ஆம் ஆண்டில். லண்டன் நகரின் ஹாம்ஸ்டெட் பகுதியில் இருந்த தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் வில்சன் ஸ்மித், கிறிஸ்டபர் ஆண்ட்ரூஸ், பாட்ரிக் லெய்ட்லா ஆகிய மூவரும், நோயாளிகள் தொண்டையைக் கொப்பளித்த நீரைப் பாக்டீரியாக்கள் புக முடியாத நுண்ணிய வடிகட்டியில் வடித்தனர். வடிந்த நீரைப் ‘பெரெட்’ என்னும், கீரியைப் போல் நீண்ட உடலுடைய சிறு பிராணியின் மூக்கில் இட்டனர். இரண்டொரு நாளில் அது தும்மத் தொடங்கியது. மனிதனுக்கு வரும் காய்ச்சல் அதற்கும் வந்தது. பின்னர், அத்தகைய பிராணி ஒன்று முகத்தில் தும்மியதால் ஆராய்ச்சியாளர் ஒருவருக்கே நோய் தொற்றியது. பாக்டீரியாவினும் மிகச் சிறியதான வைரஸ் என்னும் நுண்பொருளே காரணம் என்பது இவ்வாறு உறுதியாயிற்று. கருவுற்ற கோழிமுட்டையினுள் இந்த வைரஸைப் பெருக்கலாம் என்பதும் சில ஆண்டுகளில் தெரிய வந்தது. இன்றும் உலகில் தயாராகும் இன்புளூயன்ஸா ஊசிமருந்தில் பெரும்பகுதி கோழிமுட்டையின் துணைகொண்டே உருவாகிறது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கச் சேனை இத்துறையில் முனைந்தது. 1918-ல் தன் பாசறைகளில் நேர்ந்த மரணங்களை அது மறக்கவில்லை. தாமஸ் பிரான்சிஸ் என்பவரின் தலைமையில் நடந்த ஆராய்ச்சியில், பிற்காலத்தில் இளம்பிள்ளை வாதத் தடுப்பூசியால் உலகப்புகழ் பெற்ற ஜோனாஸ் சால்க்கும் பங்கு கொண்டார். 1943-ஆம் ஆண்டு நடத்திய சோதனையில் ஊசி பெற்றோரிடையே நோய் பெரிதும் குறைந்தது. 1945-ல் சேனைக்கும், அதன் பின் பொதுமக்களுக்கும் அத்தடுப்பூசி அனுமதிக்கப்பட்டது. ‘வென்றோம்’ என்று அறிவியலார் மகிழ்ந்திருந்த வேளையில், 1947-ல் மீண்டும் நோய் பரவியது. இம்முறை ஊசி போட்டுக்கொண்டவரும் போட்டுக்கொள்ளாதவரும் ஒருங்கே நோயுற்றனர்.

இத்தோல்வியின் காரணத்தைத் தெளிவாக உணர்ந்துகொண்டால், ஆண்டுதோறும் ஏன் ஊசி என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். வைரஸின் புறத்தோற்றத்தை அடையாளம் கண்டே நம் உடலின் காவற்சக்தி அதனை எதிர்க்கிறது. தெருக்கூத்தில் ஒரே நடிகன் வேடம் மாற்றி வருவதுபோல் இன்புளூயன்ஸா வைரஸ் தன் புறத்தோற்றத்தை ஓயாது மாற்றிக்கொள்கிறது. ஆண்டுக்காண்டு நேரும் மாற்றம் சிறியது. பொட்டையும் மீசையையும் மாற்றுவது போன்றது. ஆனால் சிற்சில சமயங்களில், பறவை, பன்றி முதலியவற்றின் வைரஸுடன் கலந்து, முற்றிலும் புதிய வேடத்துடன் தோன்றுகிறது. அப்போது உலகில் அதனை அடையாளம் காணும் உடல் அநேகமாக எதுவும் இராது. உலகு தழுவிய கொள்ளைநோய் பிறக்கும். தட்டம்மை வைரஸ் அவ்வாறு மாறுவதில்லை. ஆதலின் குழந்தைப் பருவத்தில் முறையாகப் போட்ட தட்டம்மை ஊசி நெடுங்காலம் காக்கிறது. இன்புளூயன்ஸா ஊசியோ அவ்வாண்டு உலவும் வேடத்துக்கேற்ப ஆண்டுதோறும் புதுக்கப்பட வேண்டியதாயிற்று. இது மருந்தின் குறை அன்று, நோயின் குணம்.

வேடம் மாற்றும் பகைவனைக் கண்காணிக்க ஒற்றர் வேண்டும். 1952-ஆம் ஆண்டு உலக சுகாதார ஸ்தாபனம், பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களை ஒன்றிணைத்து ஒரு கண்காணிப்பு அமைப்பை ஏற்படுத்தியது. இந்தியாவின் இன்புளூயன்ஸா ஆய்வு மையம் நீலகிரி மலையில், குன்னூரில் அமைந்திருந்தது. நாய்க்கடி மருந்துக்குப் பெயர்பெற்ற பாஸ்டர் நிலையத்திலேயே அது இயங்கியது. அந்த மையத்துக்கு 1957-ல் பெருஞ்சோதனை வந்தது. கிழக்காசியாவில் புதிய வேடத்துடன் கிளம்பிய வைரஸ் ஹாங்காங், சிங்கப்பூர் வழியாகப் பரவியது. அவ்வாண்டு மே மாதத்தில், சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகத்தை அடைந்த பயணிகள் கப்பல் ஒன்றில் நோயாளிகள் இருந்தனர். பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்றவர்களும் அவர்தம் உற்றாரும் வந்துபோகும் அவ்வழியே ‘ஆசியக் காய்ச்சல்’ இந்தியாவுக்குள் புகுந்தது. 1958-ஆம் ஆண்டுத் தொடக்கம் வரையில் நாட்டில் பதிவானோர் மட்டும் 44 லட்சத்துக்கு மேல். பதிவான மரணங்கள் சுமார் 1,100. பதிவாகாதவை இதனினும் மிகுதியாகவே இருந்திருக்கும். எனினும் 1918-ன் கொடுமை மீளவில்லை. வைரஸின் கடுமை குறைவாயிருந்ததோடு, பின்தொடர்ந்து வரும் நிமோனியாவைத் தணிக்கப் பென்சிலின் போன்ற மருந்துகள் கிடைத்ததும் இதற்குக் காரணம்.

அதே ஆண்டில் அமெரிக்காவில் மாரிஸ் ஹில்மன் என்னும் விஞ்ஞானி, ஹாங்காங்கில் மருத்துவமனைகளில் மக்கள் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கும் செய்தியைப் பத்திரிகையில் படித்தார். புதிய வைரஸ் ஒன்று எழுந்துவிட்டது என்பதை அச்செய்தியிலிருந்தே அவர் ஊகித்தார். மாதிரி வைரஸை வரவழைத்து ஆராய்ந்து, மருந்துக் கம்பெனிகளைத் தூண்டி, சில மாதங்களுக்குள் சுமார் நான்கு கோடி ஊசிகளுக்கான மருந்து தயாராக வழிசெய்தார். கொள்ளைநோய் உச்சம் அடையுமுன் பெருமளவில் ஊசிமருந்து தயாராகத் தொடங்கியது உலக வரலாற்றில் அதுவே முதல் முறை. ஆனால் அம்மருந்து அமெரிக்காவில் இருந்தது. இந்தியாவில் நோயுற்ற லட்சக்கணக்கானோர்க்கு எட்டவில்லை. கண்டுபிடிப்பு வேறு, அது கைக்கு எட்டுதல் வேறு என்பதை 1957 காட்டிற்று.

தடுப்பூசியின் பெருமையை மட்டும் கூறி, அதன் சோதனையைக் கூறாது விடுவது வரலாறாகாது. 1976-ஆம் ஆண்டு பிப்ரவரியில், அமெரிக்காவில் நியூஜெர்சி ராஜ்யத்துப் போர்ட் டிக்ஸ் பாசறையில், பன்றிகளின் வைரஸை ஒத்த ஒன்றால் போர்வீரர் ஒருவர் மாண்டார். 1918-ன் பேய் மீண்டும் வந்துவிட்டது என்ற அச்சம் எழுந்தது. நாட்டு மக்கள் அனைவருக்கும் ஊசி போடும் திட்டத்தை ஜனாதிபதி ஜெரால்டு போர்டு அறிவித்தார். நான்கு கோடிக்கும் மேற்பட்டோர் போட்டுக்கொண்டனர். எதிர்பார்த்த கொள்ளைநோயோ வரவேயில்லை. இதற்கிடையே, ஊசி பெற்றவருள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேருக்கு ஒருவர் வீதம், ‘கில்லன்-பாரே’ என்னும் நரம்புத் தளர்ச்சி நோய் கூடுதலாகத் தோன்றுவதை மருத்துவர் கவனித்தனர். டிசம்பரில் திட்டம் நிறுத்தப்பட்டது. பின்னாளில் வந்த ஊசிமருந்துகளில் இந்த ஆபத்து, இருப்பின், பத்து லட்சம் பேருக்கு ஒருவர் அல்லது இருவர் என்ற அளவுக்கு மேற்படவில்லை. இன்புளூயன்ஸாவே கூட அந்நரம்பு நோயை விளைக்கக்கூடும் என்பதும் அறியப்பட்டுள்ளது. ஆயினும் 1976 கற்பித்த பாடம் நிலையானது. ஊசியின் தீங்கையும் நோயின் தீங்கையும் எடையிட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நோய் இல்லாத இடத்தில் மிகச் சிறிய தீங்கும் பெரிதாகிவிடும். நோய் உலவும் இடத்தில் அத்தராசு மறுபக்கம் சாயும்.

நம் நாட்டில் அத்தராசு மறுபக்கம் சாய்ந்த காலம் 2009. அவ்வாண்டு வட அமெரிக்காவில் தோன்றிய ‘எச்1 என்1’ வைரஸ், மே மாதத்தில் ஐதராபாத் விமான நிலையம் வழியே இந்தியாவில் புகுந்தது. ஆகஸ்டில் முதல் மரணம் புனே நகரில் நேர்ந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, முகக்கவசம் என்ற சொல் அன்றாடப் பேச்சில் நுழைந்தது. 1952-ல் வைரஸ் ஆராய்ச்சி மையமாகத் தோன்றிய புனேயின் தேசிய வைராலஜி நிலையம், நாடெங்கிலுமிருந்து வந்த மாதிரிகளை இரவு பகலாகச் சோதித்தது. 2010-ஆம் ஆண்டின் நடுவில் இந்தியக் கம்பெனிகள் தாமே தயாரித்த தடுப்பு மருந்துகளை வெளியிட்டன. அவற்றுள் ஒன்று ஊசி. மற்றொன்று, புனேயில் தயாரான, மூக்கில் தெளிக்கும் மருந்து. 1957-ல் நமக்கு எட்டாதிருந்தது 2010-ல் நம் மண்ணிலேயே விளைந்தது. ஆனால் அது கடைக்கு வந்த சில வாரங்களில், கொள்ளைநோய்க் கட்டம் முடிந்துவிட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் அறிவித்தது. மக்களின் அச்சமும் உடனே தணிந்தது. வைரஸோ மறையவில்லை; ஆண்டுதோறும் வரும் சாதாரண இன்புளூயன்ஸாக்களுள் ஒன்றாக நம்மிடையே தங்கிவிட்டது. 2015-ல் அரசாங்கக் கணக்கின்படி அந்த ஒரு வகையால் மட்டும் நோயுற்றோர் 42,592 பேர். மாண்டோர் 2,990 பேர். கொள்ளைநோய் என்ற பெயர் நீங்கிய பின்னர் நேர்ந்த மரணங்கள் இவை என்பது சிந்திக்கத் தக்கது.

இனி, ‘எப்போது’ என்னும் கேள்விக்கு வருவோம். வெளிமாநிலத் தமிழர்க்கு இதுவே மிக முக்கியமானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்நோய் குளிர்காலத்தில் பரவுகிறது. ஆகவே உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் கூடி, வடகோளத்தின் அடுத்த குளிர்காலத்துக்கு எந்த வேடங்களை ஊசியில் சேர்ப்பது என்று முடிவு செய்கின்றனர். 1990-களின் இறுதியிலிருந்து, தென்கோளத்துக்கெனத் தனியாகச் செப்டம்பரிலும் கூடுகின்றனர். பூகோளப் படத்தில் இந்தியா முழுவதும் பூமத்திய ரேகைக்கு வடக்கே உள்ளது. ஆனால் இந்நோய் பூகோளப் படத்தைப் பார்த்து வருவதில்லை. மழையைப் பார்த்து வருகிறது. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக்கிற்று. தில்லி, புனே, நாகபுரி, கல்கத்தா, திப்ருகர் ஆகிய நகரங்களில் நோய் ஜூலை முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவமழையோடு உச்சம் அடைகிறது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களில், அதாவது நம் வடகிழக்குப் பருவமழையில் உச்சம் அடைகிறது. ஸ்ரீநகரிலோ ஐரோப்பாவைப் போலவே ஜனவரி முதல் மார்ச் வரை, கடுங்குளிரில் உச்சம் அடைகிறது. இவையன்றி, நாட்டின் பல பகுதிகளில் ஜனவரி முதல் மார்ச் வரை மற்றோர் எழுச்சியும் காணப்படுவதுண்டு. 2023-ன் தொடக்கத்தில் ‘எச்3 என்2’ வகை அவ்வாறு பரவியது.

ஊசி போட்டபின் உடலில் காவற்சக்தி முதிர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். பின்னர் சில மாதங்களில் அச்சக்தி மெல்லக் குறையத் தொடங்கும். ஆகவே, மிக முன்னதாகவும் இன்றி, நோய் பரவிய பின்னரும் இன்றி, பருவத்துக்குச் சற்று முன் போடுவதே சாலச் சிறந்தது. தென்மேற்குப் பருவமழை பெய்யும் நகரங்களில் வாழ்வோர்க்கு ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. அப்போது கிடைக்கும் புதிய மருந்து பெரும்பாலும் தென்கோளத்துக்கென வகுத்ததாயிருக்கும். காஷ்மீரத்தில் பணிபுரிவோர்க்கு அக்டோபர், நவம்பர் ஏற்றவை. தமிழ்நாட்டில் உள்ள பெற்றோர்க்கு வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் போடுவது பொருந்தும். மருந்துப் பெட்டியின்மேல் எந்த ஆண்டு, எந்தக் கோளம் என்று அச்சிட்டிருக்கும். அதனைப் படித்துப் பார்த்து மருத்துவரிடம் கேட்பதில் கூச்சம் வேண்டுவதில்லை. சென்ற ஆண்டின் மருந்து இவ்வாண்டின் வேடத்தை அறியாது போகலாம்.

‘போட்டுக்கொண்டால் நோய் வரவே வராதா?’ என்பது அடுத்த கேள்வி. வராது என்று உறுதி கூறுவோர் உண்மை கூறுபவர் ஆகார். ஊசியும் வைரஸும் நன்கு பொருந்திய ஆண்டுகளில், மருத்துவரை நாட வேண்டிய அளவுக்கு நோயுறும் வாய்ப்பை அது நூற்றுக்கு நாற்பது முதல் அறுபது பங்கு வரை குறைக்கிறது. பொருந்தாத ஆண்டுகளில் இப்பயன் குறையும். ஆயினும், ஊசியையும் மீறி நோயுற்றோரிடத்தில் அதன் கடுமை குறைவாயிருப்பதும், மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் மரணமும் குறைவதும் பல ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன. ‘ஊசி போட்டதாலேயே எனக்குக் காய்ச்சல் வந்தது’ என்போர் உளர். ஊசியில் உள்ளது கொல்லப்பட்ட வைரஸ் அல்லது அதன் ஒரு கூறு. அது நோயை உண்டாக்காது. கை வலியும், ஓரிரு நாள் உடல் நோவும், இலேசான காய்ச்சலும் ஏற்படலாம். அவை உடலின் காவற்சக்தி விழித்தெழுவதன் அறிகுறிகள். சாதாரண ஜலதோஷத்தை விளைக்கும் வேறு பல வைரஸ்களை இந்த ஊசி தடுக்காது. 2020 முதல் உலகை வாட்டிய கோவிட் நோயையும் தடுக்காது. கோவிட் ஊசி போட்டுக்கொண்டோம், இது எதற்கு என்று எண்ணுவதும் அதுபோலவே பொருந்தாது.

இவற்றையெல்லாம் எடையிட்டுப் பார்த்தால், யார் இதனைத் தள்ளிப்போடலாகாது என்பது புலப்படும். அறுபத்தைந்து வயது கடந்தோர், கர்ப்பிணிகள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள், நீரிழிவு, இருதய நோய், ஆஸ்துமா, சிறுநீரக நோய் உள்ளோர், மருத்துவமனைகளில் பணிபுரிவோர் ஆகியோரே அவர்கள். ஆறு மாதம் நிரம்பாத சிசுவுக்கு இந்த ஊசி போடலாகாது. தாய் கர்ப்பமாயிருக்கையில் போட்டுக்கொண்ட ஊசியே அதனைக் காக்கும். மூக்கில் தெளிக்கும் மருந்தில் உயிருள்ள, வலுக்குறைந்த வைரஸ் இருப்பதால் அது கர்ப்பிணிகளுக்கு உரியதன்று. முன்பு இதே ஊசியால் கடும் ஒவ்வாமை அடைந்தோர் மருத்துவரின் ஆலோசனை இன்றிப் போட்டுக்கொள்ளலாகாது. திடகாத்திரமான இளைஞர்க்கு நோயால் ஆபத்து குறைவு. ஆதலின் அவர் தமக்காக மட்டும் யோசித்தால் ‘வேண்டாம்’ என்று முடிவு செய்வதை எளிதில் குறை கூற இயலாது. ஆனால் அவர் ஒரே அறையில் நால்வருடன் தங்கியிருப்பவராயின், அல்லது அவர் வீட்டில் கைக்குழந்தையோ முதியவரோ இருப்பாராயின், அவருடைய முடிவு அவரோடு நிற்பதில்லை.

இங்குதான் நம் வாழ்க்கை முறையை எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1918-ல் நோய் ரயிலில் சென்றது. 1957-ல் கப்பலில் வந்தது. 2009-ல் விமானத்தில் வந்தது. பிரயாணம் செய்வோரே அதன் வாகனம். தில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நாம் ஆண்டுக்கொரு முறையேனும் பிறந்த மண்ணை மிதிக்கத் துடிப்பவர்கள். தீபாவளிக்கு நாம் ஊர் போய்ச் சேரும் காலம், நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை பெய்து, சளிக்காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் காலம். வடக்கே ஜூலையில் ஒரு பருவத்தைக் கடந்தவர் தெற்கே நவம்பரில் மற்றொரு பருவத்துள் நுழைகிறார். வாசற்படியில் நம்மை எதிர்பார்த்து நிற்கும் தாய்க்கு எழுபது வயது. நெடுநாளாக நீரிழிவு வேறு. பேரனைக் கண்ட மகிழ்ச்சியில் அவனை அள்ளி அணைத்து முத்தமிடும் அவரிடம், இருமல் இருக்கிறது, விலகி நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆகவே, முடிவு செய்யும்போது இரண்டு ஊர்களையும் மனத்தில் வைத்து முடிவு செய்வது நமக்குப் பொருத்தம். பள்ளித் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் நாட்களில், நாம் வாழும் நகரின் பருவத்தை எண்ணி, நம் இல்லத்தாரில் தேவைப்படுவோர் யார் என்று மருத்துவரிடம் விசாரிக்கலாம். அரசாங்க மருத்துவமனையில் எவருக்கேனும் இலவசமாகப் போடுகின்றனரா என்பதையும் அப்போதே கேட்டறியலாம். பின்னர், தீபாவளிப் பயணத்துக்கு ரயிலில் இடம் பதிவு செய்யும் அன்று, ஊரில் உள்ள பெற்றோருடன் தொலைபேசியில் பேசி, மழைக்கு முன் அங்குள்ள மருத்துவரைப் பார்த்துவருமாறு கூறலாம். செலவைக் காரணம் காட்டி அவர்கள் மறுப்பர். பட்டுப்புடவைக்கும் பட்சணத்துக்கும் ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதி அதற்குப் போதும் என்று நாமே அனுப்பிவைக்கலாம்.